பாப்பா பெரிசாகவில்லை

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைச் சாத்தினால் ஊரே வாய்க்கு வந்தபடி திட்டும். குழந்தைராஜ் மட்டும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். அவருக்கு வியாபாரமே அப்போதுதான். தஞ்சாவூர் பஸ், மன்னார்குடி பஸ், நெல் மூட்டை ஏற்றிய லாரி எல்லாம் வரிசை கட்டி நிற்கும். தண்டவாளத்தில் ரயில் எஞ்சின் மட்டும் எதையோ மறந்துவிட்டுத் தேடுவதுபோல முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். வெயில் தாங்காமல் இறங்கி வந்து அவருடைய 'லூர்து ஆப்டிகல்ஸ்' நிழலில் ஒதுங்கியவர் தப்ப முடியாது. "சும்மாதானே நிக்கிறீங்க, உள்ள வாங்க, ஒரு டெஸ்ட் பாத்துடுவோம்" என்பார். கேட் திறக்கும்போது அந்த ஆளின் மூக்கில் புதுக் கண்ணாடி ஏறியிருக்கும், பஸ் போயிருக்கும்.

ஐம்பதைத் தாண்டிய ஆள், மீசைக்கு மட்டும் மை. பெயர் என்னவோ குழந்தைராஜ் என்றாலும் ஊரில் பாதிப் பேர் 'குழந்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். போனை எடுத்தால் அவரும் "குழந்தை பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தப் பழக்கம் என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மனைவி பாத்திமா மேரி நாகப்பட்டினத்துப் பெண். நல்ல குழம்பு, நல்ல மனசு, கோபம் வந்தால் மட்டும் அடுப்படியில் பாத்திரங்கள் பேசும். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மேரிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். பெண் பார்க்க வந்த அன்று "பொண்ணு பிடிச்சிருக்கா தம்பி?" என்று யாரோ கேட்க, குழந்தைராஜ் வாயைத் திறப்பதற்குள் அவர் அப்பா "பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். அதோடு சரி. அப்புறம் இவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தாளே தவிர, மறந்துவிடவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு நாள் குழந்தைராஜின் போனுக்கு ஒரு வீடியோ வந்து சேர்ந்தது. மனிதனுக்குப் பிடித்ததைப் பார்த்தால் கண்ணின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டம் தானாக விரியும், பிடிக்காவிட்டால் விரியாது, வாய் பொய் சொன்னாலும் அது சொல்லாது என்று ஒரு கோட்டுக்காரர் பேசினார். அந்தக் கருப்பு வட்டத்துக்குப் புத்தகத்தில் கண்மணி என்று பெயர். நம் பக்கத்தில் அது பாப்பா. கண்ணுப் பாப்பா. இத்தனை வருஷமாக ஊர்க் கண்ணையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவர், பாப்பாவுக்குள் இப்படி ஒரு சங்கதி இருப்பது தெரியாமல் போயிற்றே என்று அன்றைக்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

முதலில் பிரேம் விற்பதில்தான் சோதித்தார். ஆள் கண்ணாடியைப் போட்டு முகம் பார்க்கும்போது இவர் பக்கத்தில் குனிந்து பாப்பாவைப் பார்ப்பார். விரிந்தால் அந்த பிரேம்தான். "அண்ணே, ஒங்களுக்குப் புடிச்சது இதுதான். ஒங்களுக்குத் தெரியாது, ஒங்க பாப்பாவுக்குத் தெரியும்." சொன்னவிதத்தில் ஆள் மயங்கி அதையே வாங்கிக்கொண்டு போவார். "வெளிச்சம் கொறஞ்சாலும் பாப்பா விரியுமேங்க?" என்று ஒரு வாத்தியார் கேட்டார். "வெளிச்சம் ஒரு பக்கம் சார், மனசு ஒரு பக்கம். அனுபவஸ்தனுக்கு ரெண்டும் தனித்தனியா தெரியும்" என்று குழந்தைராஜ் அடித்துச் சொல்லிவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நல்லது.

பிரேமில் இருந்து பெண் பார்ப்பதற்குப் போக ரொம்ப நாள் ஆகவில்லை. மாப்பிள்ளைக்கு மனசார இஷ்டமா, பெண்ணுக்கு மனசார இஷ்டமா என்று தெரியாமல் பந்தல் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் டெல்டாவில் குறைவா என்ன? நிச்சயத்துக்கு முன்னால் குழந்தையைக் கூட்டிப் போய்ப் பாப்பா பார்ப்பது என்று ஒரு வழக்கமே வந்துவிட்டது. புகழ் வந்த கையோடு ஒரு சிக்கலும் வந்தது. அடுத்த வீட்டு வயசுப் பெண்ணின் முகத்துக்கு நேரே ஓர் ஆம்பிளை குனிந்து கண்ணைப் பார்ப்பதா? அதற்காக பாத்திமா மேரியும் கூடவே போக வேண்டியதாயிற்று. பட்டுச்சேலை கட்டி, பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, முகவாயைப் பிடித்து நிமிர்த்துவது அவள் வேலை. கேசரி இலவசம், மரியாதை இலவசம். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்தவர், தன் கண்ணை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. வீடியோ வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தஞ்சாவூரில் ஒரு டாக்டர் அவர் கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருப்பதாகச் சொல்லி, சொட்டு மருந்து கொடுத்திருந்தார். ஓரத்துப் பார்வை கொஞ்சம் போய்விட்டது, போனது வராது, மருந்தை விட்டால் இருப்பதும் போகும் என்றார். அந்த மருந்தின் குணம், அது பாப்பாவைக் கடுகளவுக்குச் சுருக்கி அப்படியே நிறுத்தி வைக்கும். இருட்டானாலும் சரி, எதிரே யார் வந்து நின்றாலும் சரி, விரியாது. கண்ணாடிக்காரனுக்கே கண் அவுட்டாம் என்று ஊர் சிரிக்குமே என்று பயந்து, அந்தக் குப்பியை லென்ஸ் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார். மேரிக்கும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் நோய் நிஜமாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

அப்போதுதான் வைரக்கண்ணு வந்தார். அறுவடை மிஷின் வைத்து வாடகைக்கு விடுகிறவர். மகன் பரிதிக்குக் குத்தாலத்தில் ஒரு பெண் பார்த்திருக்கிறது, பெயர் சுடர்விழி, மாட்டு டாக்டர், நீங்க வந்து ஒரு பார்வை பார்த்தால் நிம்மதி என்றார். குழந்தைராஜும் மேரியும் கிளம்பினார்கள்.

குத்தாலத்தில் பெண் வீட்டுக் கூடத்தில், மேற்கு ஜன்னலுக்கு நேரே சுடர்விழியை உட்கார வைத்திருந்தார்கள். சாயங்கால வெயில் முகத்தில் அறைந்தது. அந்த வெயிலில் யார் பாப்பாதான் விரியும்? குழந்தைராஜ் பார்த்தார். புள்ளி. பரிதியைப் பார்க்கச் சொல்லி மறுபடி பார்த்தார். அதே புள்ளி. அவருக்கு வருத்தமாகிவிட்டது. பரிதி நல்ல பையன். சபையில் சொல்லக் கூசி, கொல்லைப் பக்கம் போய், கூடத்தில் உட்கார்ந்திருந்த வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டார். குழந்தைராஜ் போனில் பேசினால் போனே தேவையில்லை, அவ்வளவு சத்தம்.

"அண்ணே, குழந்தை பேசறேன். இந்தக் கல்யாணம் வேணாண்ணே. பாப்பா ரொம்பச் சின்னது. மாப்பிள்ளையப் பாத்தும் பெரிசாகவே இல்ல. வலுக்கட்டாயமா பண்ணா பாவம்ணே."

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாளின் கையிலிருந்து கிளிப் விழுந்தது. குழந்தை ஒன்று போன் பண்ணி அழாத குறையாகச் சொல்கிறது, பாப்பா ரொம்பச் சின்னதாம், இன்னும் பெரிய மனுஷிகூட ஆகவில்லையாம், வலுக்கட்டாயமாகக் கல்யாணமாம். குழந்தைக்கு ஏன் கட்டைக்குரல் என்றெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டுவிட்டாள். நல்ல மனுஷி, யார்தான் சும்மா இருப்பார்கள்?

கேசரி இரண்டாம் சுற்று வரும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒரு பெண் அதிகாரியும் ஒரு பெண் போலீஸும் உள்ளே வந்தார்கள்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க. இங்க குழந்தை யாரு?"

"நான்தாங்க மேடம்" என்று குழந்தைராஜ் கேசரித் தட்டோடு எழுந்தார்.

அதிகாரி அவர் மீசையைப் பார்த்தார். "வெளையாடறீங்களா? போன்ல பேசின குழந்தை எங்க?"

"பேசினதும் நான்தாங்க."

"சரி, அந்தச் சின்னப் பாப்பா எங்க? எந்த ரூம்ல வச்சிருக்கீங்க?"

"ரூம்ல இல்ல மேடம். பொண்ணு கண்ணுக்குள்ள இருக்கு."

போலீஸ் அம்மாள் லத்தியை மாற்றிப் பிடித்தார். வைரக்கண்ணு எழுந்து விளக்கப் போய், "மேடம், இவரு ஊர் ஊராப் போயி பொண்ணுங்களுக்குப் பாப்பா பாக்கறவரு" என்று ஆரம்பித்ததும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. கடைசியில் சுடர்விழிதான் உள்ளே போய் ஆதார் கார்டையும் டாக்டர் பட்டத்தையும் கொண்டுவந்து காட்டினாள். இருபத்தொன்பது வயது. அதிகாரி அதை வாங்கிப் பார்த்து, அவளைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் கேட்டார்.

சுடர்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. "அங்கிள், எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற எருமைக்கும் இருட்டுல பாப்பா விரியுது. அதுக்கு என்னைப் புடிச்சுப்போச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் பக்கத்தில் வந்தவள், டக்கென்று நின்று அவர் கண்ணை உற்றுப் பார்த்தாள். "ஆமா, ஒங்க பாப்பா ஏன் இப்படி இருக்கு? ஊசி முனையாட்டம்? இங்க நிழல்தானே?"

குழந்தைராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆன்ட்டியப் பாருங்க, பாப்போம். நீங்க சொன்ன கணக்குப்படி இப்ப விரியணும்."

கூடமே திரும்பியது. குழந்தைராஜ் பாத்திமா மேரியைப் பார்த்தார். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். அவளும் பார்த்தாள். இத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு, போலீஸ் உட்பட எல்லோரும் சாட்சியாக நிற்க, பதில் வரப்போகிறது.

"விரியல" என்றாள் சுடர்விழி. சொன்ன பிறகுதான் மேரியின் முகத்தைப் பார்த்தாள். ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் சொன்னது சொன்னதுதான். அவளும் பரிதியும் வாசலில் நின்று தாங்களே பேசி முடிவு செய்து, தை மாதம் கல்யாணம் செய்துகொண்டது தனிக் கதை.

பஸ்ஸில் மேரி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பாத்திரங்களும் பேசவில்லை, அதுதான் குழந்தைராஜுக்குக் கிலியாக இருந்தது. மறுநாள் காலையில் நண்டுக் குழம்பு வைத்து எதிரே நீட்டி அவர் கண்ணைப் பார்த்தாள். விரியவில்லை. அவர் உயிருக்கு உயிரான பழைய ராஜ்தூத் பைக்கின் போட்டோவைக் காட்டினாள். விரியவில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கண் போகிற கதையைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பெண்டாட்டி போகிறாள். மனிதர் நடுவில் ஒரு முட்டாள்தனமான வழியைக் கண்டுபிடித்தார். சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். நாலைந்து நாள் விட்டால் பாப்பா விரியும், ஒரே ஒரு தடவை அவள் பார்த்துவிட்டால் போதும், மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். டாக்டர் சொன்னது ஞாபகம் வரும்போதெல்லாம் லென்ஸ் டப்பாவைத் திறந்து குப்பியைப் பார்த்துவிட்டு மூடினார். இருந்தாலும் போடவில்லை.

அடுத்த வாரம் ஒரு மாலை, "மேரி, இப்பப் பாரேன்" என்று தானே கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். அவள் மூஞ்சியிலும் நம்பிக்கை எட்டிப்பார்த்தது. சரியாக அந்த நேரம் கரண்ட் போயிற்று.

எதிர்வீட்டுக் காளியம்மாளின் ஆடு ஒன்று எப்போதும் திறந்த வாசலைப் பார்த்தால் தலையை நீட்டும். இருட்டில் ஏதோ செருமியது. குழந்தைராஜ் அந்தப் பக்கம் திரும்பினார். அதே நொடியில் மேரி போன் டார்ச்சைத் தட்டினாள். நன்றாக இருட்டுக்குப் பழகிய, மருந்து விட்டுப்போன அந்தப் பாப்பா, கண் முழுக்கக் கருப்பாக, இதுவரை அவள் எந்தக் கண்ணிலும் பார்த்திராத அளவுக்கு விரிந்து, வாசலில் நின்ற ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதறிப்போய் அவர் மேரியின் பக்கம் திரும்பினார். டார்ச் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. பாப்பா சுருங்கிப் புள்ளியாயிற்று.

ஆடு எட்டி, சுவரில் தொங்கிய காலண்டரின் ஓரத்தை மென்றது.

"வெளிச்சம் மேரி, அது வெளிச்சத்துனால..."

"வெளிச்சம் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். அனுபவஸ்தனுக்கு ரெண்டும் தனித்தனியா தெரியும். நீங்கதானே ஊர் பூரா சொன்னீங்க? நானும் ஒங்க கூட வந்து அனுபவஸ்திதான்." குரல் உடைந்தது. "ஆட்டைப் பாத்து அவ்வளவு விரியுது. என் பக்கம் திரும்பினா சுருங்குது. ஒங்க அப்பா அன்னிக்கு அவசரப்பட்டுட்டாருங்க. நல்லா ஆட்டோட குடும்பம் நடத்துங்க."

விடிந்ததும் நாகப்பட்டினத்தில் இருக்கும் அண்ணன் ஆண்டனி வீட்டுக்குப் போய்விட்டாள். சங்கதி எப்படியோ வெளியே கசிந்து, கேட் சாத்தும்போது கடைக்கு வருகிறவர்கள் "ஆடு சௌக்கியமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். காளியம்மாள் அந்த ஆட்டை வாசல் பக்கம் விடுவதையே நிறுத்திவிட்டாள். "எங்க வீட்டுப் பொட்டப்புள்ள பேரு கெட்டுப்போச்சு" என்று அவளுக்கு வேறு வருத்தம். குழந்தைராஜ் தனியாகச் சோறு வடித்துத் தின்றார். தின்றதில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு நாள் ரோட்டைக் கடக்கும்போது ஓரத்தில் வந்த பைக் தெரியாமல் போய், ஹாரன் அடித்த பிறகு துள்ளி விலகினார். அன்றைக்குத்தான் பயம் முழுசாக வந்தது. கண் போய்விடுமே என்ற பயம் பாதிதான். போவதற்குள் அவளை ஒரு தடவை பார்க்க வேண்டுமே என்பது மீதி. கடையைச் சாத்திவிட்டு, லென்ஸ் டப்பாவிலிருந்த குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆண்டனியின் வீடு, சுனாமி அலை அடித்த பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. வாசலில் மேரி உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்ல வெயில். கடல்காற்றில் தலைமுடி நாலு பக்கமும் பறந்தது. அவரைப் பார்த்தும் அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஆட்டையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

குழந்தைராஜ் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"என்ன இது?"

"கண்ணுல பிரஷர், மேரி. ரொம்ப நாளா. ஓரமெல்லாம் கொஞ்சம் போயிடுச்சு, இனிமே வராதாம். இதைப் போட்டா பாப்பா சுருங்கிடும், யாரு வந்து நின்னாலும் விரியாது. ஒனக்கு விரிச்சுக் காட்டணும்னு நிறுத்திட்டேன். அந்த நேரம் பாத்து கரண்ட் போயிடுச்சு, ஆடு வந்துடுச்சு."

மேரி மீன் ஆய்வதை நிறுத்தினாள். "நிறுத்திட்டீங்களா? எத்தன நாளா?"

"குத்தாலம் போய்ட்டு வந்த மறுநாள்லேருந்து."

"அறிவிருக்கா ஒங்களுக்கு? கண்ணு போயிருந்தா?"

"பாப்பாவச் சுருக்கி வச்சாத்தான் கண்ணு இருக்குமாம், மேரி" என்றார். "கண்ணு இருந்தாத்தானே ஒன்னப் பாக்க முடியும். அது விரியாட்டி போவட்டும். எனக்கு ஒன்னப் புடிச்சிருக்கு. அன்னிக்கே சொல்லியிருப்பேன், அப்பா முந்திக்கிட்டாரு."

மேரி எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பெண்களின் முகவாயைப் பிடித்து நிமிர்த்துகிற அதே பழக்கத்தில் அவர் முகத்தைப் பிடித்து வெயில் பக்கம் நிமிர்த்தினாள். இடது கண்ணில் ஒரு சொட்டு. வலது கண்ணில் ஒரு சொட்டு. மருந்து எரிந்தது, அவர் கண்ணிலிருந்து வழிந்தது. வழிந்ததில் எது மருந்து, எது கண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். அவள் கண்ணிலும்தான் வழிந்தது, அதில் மருந்து இல்லை.

"அசையாதீங்க" என்றாள். முகத்தை விடவில்லை. இன்னும் கிட்டே குனிந்து பாப்பாவைப் பார்த்தாள். அது மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஓர் உருவம் நின்றது. ஊர் ஊராகப் போய் எத்தனையோ கண்ணுக்குள் எட்டிப்பார்த்த போதெல்லாம் பாப்பா பெரிசா சின்னதா என்று பார்த்தாளே தவிர, அதற்குள் யார் நிற்கிறார்கள் என்று அவள் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். பரட்டைத் தலையும், கன்னத்தில் ஒட்டிய மீன் செதிலுமாக நின்றது அவள்தான்.

"ஏங்க, தலையெல்லாம் இப்படிக் கலைஞ்சு கெடக்கு, செதிலு வேற. வந்ததுலேருந்து பாத்துட்டுத்தானே இருக்கீங்க, சொல்லக் கூடாதா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் குழந்தைராஜ்.

"இமைக்காம இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணைப் பார்த்தே செதிலைத் துடைத்து, முடியை ஒதுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள்.